மூத்த மாப்பிள்ளை பார்த்த வண்டிகள்

எங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளை எதையாவது பார்த்து ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் மட்டுமல்ல, அவர் பெண்டாட்டியும் கேட்டதில்லை, பெற்ற பிள்ளைகளும் கேட்டதில்லை. போன புரட்டாசியில் அவர் போய்ச் சேர்ந்தபோது, பந்தல் போட வந்தவர் வேலையை முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே, “அண்ணாச்சி இருந்தா இந்நேரம் தெக்குப் பக்கம் சரிஞ்சிருக்குன்னு அவுக்கச் சொல்லியிருப்பாவ” என்றார். அழுதுகொண்டிருந்த மதினி மூக்கைத் துடைத்துக்கொண்டு தெற்குப் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். சரிந்துதான் இருந்தது.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் புருஷன் எனக்கு அண்ணாச்சி, என் வீட்டுக்காரருக்கு அத்தான், என் மாமியாருக்கு மாப்பிள்ளை. பெயர் சொல்ல அந்த வீட்டில் ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. நானும் அந்த வீட்டு மருமகள்தானே, இங்கேயும் அண்ணாச்சி என்றே இருக்கட்டும்.

தணிக்கை ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். அடுத்தவர் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிக்க அரசாங்கம் அவருக்கு ஆயுசு பூராவும் சம்பளம் கொடுத்தது. அப்புறம் பென்ஷனும் கொடுத்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க மனசு வருமா? அதே வேலையை எங்களுக்கு இலவசமாகச் செய்துகொடுத்தார். எந்தப் பொருளாக இருந்தாலும் முறை ஒன்றுதான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். ‘ப்ச்’ என்று ஒரு சத்தம். பிறகு, “இது சரிப்படாது.” ஃபிரிட்ஜாக இருந்தாலும் இதுதான், மாவு கிரைண்டராக இருந்தாலும் இதுதான். கல்யாணத்துக்குப் பார்த்த பையனாக இருந்தாலும் இதுதான். பையனை மட்டும் தட்டிப் பார்க்க மாட்டார்.

அவர் பெண் பார்க்கப் போன கதையை மதினியே சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவார். பாளையங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில் என்று ஊர் ஊராகப் போய் பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு, எல்லாப் பெண்ணையும் சரிப்படாது என்று சொல்லிவிட்டு வந்தவராம். “என்னைப் பாக்க வந்த அன்னைக்கு அவாளுக்குத் தொண்டை கட்டியிருந்திச்சி. ஒரு வார்த்தை பேச முடியல. எங்க அப்பா சம்மதம்னு எடுத்துக்கிட்டாவ” என்பார் மதினி. சொல்லிவிட்டு அவரே முந்திச் சிரிப்பார். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்குச் சொதிச் சாப்பாடு போட்டார்கள். முதல் தேங்காய்ப்பாலை மட்டும் ஊற்றி என் மாமனாரே நின்று வைத்த சொதி. தொண்டை சரியாகிவிட்டிருந்தது. “மூணாம் பால் கணக்கா இருக்கு” என்றாராம்.

இந்த மனிதர் சொல்லித் தப்பித்தோம் என்று எங்கள் வீட்டில் ஒரு பெரிய பட்டியலே உண்டு. யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். வாங்காத பொருள் எப்படிக் கெட்டுப்போகும்? பைபாஸ் பக்கம் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனோம். “இங்கன நாய்கூட வராது வே” என்றார். என் வீட்டுக்காரர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். இன்றைக்கு அங்கே இரண்டு கல்யாண மண்டபம் இருக்கிறது, முகூர்த்த நாளில் வண்டி நிறுத்த இடமில்லை. அதைச் சொன்னால், “சத்தக்காடு. குடியிருக்க முடியுமா?” என்பார். அந்த மனிதரை எந்தப் பக்கம் இருந்து பிடிக்க?

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு அடுக்காது. என் சின்ன மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பகல் பூராவும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து டிரிப்ஸ் பாட்டிலை முறைத்துக்கொண்டே இருந்தார். “சொட்டு சரியில்ல, கை வீங்குது பாருங்க” என்று நர்ஸம்மாவிடம் மல்லுக்கு நின்றார். அவர்கள் எரிச்சலோடு வந்து பார்த்தால், ஊசி நரம்பை விட்டு விலகி, மருந்தெல்லாம் சதையில் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவர் காலில் விழலாம் போல எனக்கு இருந்தது. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் என் வீட்டுக்காரர், அத்தான் வாயில் இருந்து வருவதெல்லாம் வேதம் என்று மிச்சக் காலத்தையும் ஓட்டினார்.

சரி, வண்டிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு பேட்டையில். என் வீட்டுக்காரர் அங்கேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர். ஆற்றங்கரை ஊர்களை எல்லாம் முக்கிய அந்த மார்கழி வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் இருக்கும், என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தையல் பிரித்த அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். “வாரம் மூணு நாள் கூட்டிட்டு வந்து நடக்கப் பயிற்சி குடுங்க. ஆறு மாசத்துக்குள்ள நடந்தாத்தான் உண்டு. அதை விட்டா அப்புறம் கட்டிலோட சரிம்மா.”

பேட்டையில் இருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வரை ஆட்டோவில் போனோம். கால் நீட்ட இடமில்லை. டவுனைத் தாண்டுவதற்குள் எத்தனை பள்ளம், எத்தனை வேகத்தடை! ஒவ்வொன்றிலும் ஆட்டோ ஏறி இறங்கும்போது அத்தை முந்தானையைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொள்வார். சத்தம் வெளியே வராது, கண்ணில் இருந்து தண்ணீர் மட்டும் இறங்கும். நாலாவது தடவை ஆட்டோவைப் பார்த்ததுமே, “நான் வரல, என்னை விட்டுருங்க” என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். வாரம் மூன்று நாள் டாக்சி வைக்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. சீட்டு எடுத்த பணத்தையும் என் சங்கிலியையும் சேர்த்தால் ஒரு பழைய வேன் வாங்கலாம். அகலமான தள்ளுக் கதவு, கால் நீட்டி உட்கார நடு சீட், குடும்பத்தோடு போனாலும் இடம் போதும். என் வீட்டுக்காரருக்கு ஓட்டவும் தெரியும். நான் சங்கிலியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, “அத்தானை ஒரு வார்த்தை கேட்டுருவோம்” என்றார்.

மூத்த மாப்பிள்ளையைக் கேட்காமல் அந்த வீட்டில் ஒரு அண்டா வாங்கியதில்லை. மாமனார் காலமான பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. அத்தைக்கு மாப்பிள்ளை என்றால் அப்படி ஒரு மரியாதை. அவர் எதிரே அத்தை உட்கார மாட்டார், நேருக்கு நேர் பேச மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இடியாப்பம் வைக்கட்டான்னு கேளுட்டி” என்பார். அது அண்ணாச்சி காதில் நன்றாக விழும். இருந்தாலும் நான் போய், “இன்னும் ரெண்டு வைக்கட்டா அண்ணாச்சி?” என்று கேட்க வேண்டும். “இடியாப்பம் கொஞ்சம் கெட்டி” என்பார். அதை நான் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இடுப்பொடிந்து கட்டிலில் கிடக்கும்போதும் இதே கதைதான். மாப்பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் அத்தை எழுந்திருக்கப் பார்ப்பார். முடியாமல், மரியாதைக்குச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். “இப்ப வலி எப்படி இருக்கு?” என்று அவர் கேட்பார். “பரவாயில்லைன்னு சொல்லு” என்று அத்தை சுவரிடம் சொல்வார். நடுவில் நான் ஒருத்தி தபால்காரி மாதிரி.

அண்ணாச்சி உடனே சம்மதித்தார். வண்டி வாங்க இல்லை, வண்டி பார்க்க. ஒரு மஞ்சள் பையில் டார்ச் லைட், காந்தம், துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெயிண்டுக்கு அடியில் நசுங்கலை மறைக்கப் பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாதாம். இத்தனைக்கும் அவர் ஜென்மத்தில் கார் வைத்திருந்ததில்லை. ஒரு பழைய மொபெட் உண்டு. அது கல்யாணத்துக்கு என் மாமனார் கொடுத்தது. அவரைக் கேட்காமல் வாங்கியதால்தான் அதுவும் வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

முதலில் பார்த்தது ஏரலில். ஒரு வாழைக்காய் வியாபாரியின் வேன். வெள்ளை நிறம், ஒரே கை ஓட்டியது. அந்த மனிதர் எங்களுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்தார். அண்ணாச்சி மோரை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். நானும் பின்னால் போனேன். “சீட்டைப் பாக்கது பொம்பளை வேலை. நீ உள்ள போய்ப் பாரு தங்கச்சி” என்று என்னைக் கழற்றிவிட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கடைசி சீட்டில் மட்டும் நீலத்தில் மஞ்சள் பூப்போட்ட துணி வைத்து அழகாகத் தைத்திருந்தது. வியாபாரியின் மனைவி எட்டிப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். “என் நைட்டிதான்க்கா. வாழைத்தார் ஏத்துன அன்னைக்குக் கத்தி பட்டு சீட்டு கிழிஞ்சிட்டு. கடையில குடுத்தா காசு கேப்பான்னு நானே தச்சிட்டேன்.” அந்தத் தையலைப் பார்த்ததும் இது வீட்டு மனுஷர்கள் பேணி வைத்திருந்த வண்டி என்று எனக்குப் பட்டது.

அதற்குள் அண்ணாச்சி முன்பக்கம் குனிந்து, தரையில் மூக்கை வைத்திருந்தார். எழுந்தார். ‘ப்ச்.’

“ஆத்து வாடை அடிக்கி. வெள்ளத்துல முங்குன வண்டி.”

“ஐயோ அண்ணாச்சி, வெள்ளம் வந்தப்போ வண்டி இங்கனயே இல்ல” என்று வியாபாரி பதறினார். “மச்சினன் மக சடங்குக்குக் கோவில்பட்டிக்குப் போயிருந்தோம். திரும்பி வரவே பாதை இல்ல, அங்கனயே கெடந்தோம். இது பத்தமடைப் பாய் அண்ணாச்சி. அளவுக்கு வெட்டித் தரையில போட்டிருக்கேன். நீங்க வாரியன்னு நேத்துக் கழுவிப் போட்டேன், சரியாக் காயல. கோரை வாடைதான் அது.”

“கோரை எங்கன வளருது? ஆத்துலதான?” என்றார் அண்ணாச்சி.

வெள்ளத்துக்குப் பிறகு ஏரல் விலாசம் இருந்தாலே வண்டி தண்ணீர் குடித்தது என்று எல்லாரும் பயந்த காலம் அது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. அவர் எந்த வண்டியையும் பார்ப்பதில்லை, அத்தான் முகத்தைத்தான் பார்ப்பார். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வியாபாரி வெளியே வருவதற்குள் நாங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகொண்டிருந்தோம். அண்ணாச்சி பார்த்த எந்த வண்டியும் ஆர்.சி. காட்டுகிற கட்டம் வரைக்கும் போனதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் விஸ்தாரமாகச் சொன்னால் என் வாய்தான் வலிக்கும். தூத்துக்குடியில் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒருவரின் வண்டி. நெற்றியில் சிலுவை ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணாடி போலத் துடைத்து வைத்திருந்தார்கள். “உப்புக் காத்து. உள்ளுக்குள்ள துரு பிடிச்சிருக்கும், இப்பத் தெரியாது” என்றார். அம்பாசமுத்திரத்தில் ஒன்று. “மலைப் பக்கம் ஓடுன வண்டி, பிரேக்கைத் தேச்சிருப்பான்.” டவுனில் ஒன்று. “தேரோட்டத்துக்குத் தேரோட்டம் நாலு பேரு உரசியிருப்பான்.” பாளையங்கோட்டையில் ஒரு ரிட்டயர்ட் புரொபசரின் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. “இவ்வளவு சுத்தமா இருக்குன்னா எதையோ மறைக்கான்” என்றார்.

ஆற்றங்கரை வண்டியில் தண்ணீர், கடற்கரை வண்டியில் துரு, மலையடி வண்டியில் பிரேக், டவுன் வண்டியில் நசுங்கல். எங்கள் சீமையில் மிச்சம் என்ன இருக்கிறது? “அப்ப வண்டி ஆகாசத்துல இருந்துதான் இறங்கணும்” என்று ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் வெடித்தேன்.

“கொஞ்சம் பொறு. அத்தான் ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும்.”

“சொல்ல மாட்டாவ. அவுக சொதியையே சரின்னு சொன்னதில்ல.”

“உனக்குப் புரியல. அவரு பேச்சை மீறி வாங்கி, நாளைக்கு வண்டி நடுரோட்டுல நின்னுதுன்னு வையி, ‘நான் அன்னைக்கே சொன்னேன்’னு சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு. அக்காவும் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டா.”

“அதுக்கு உங்க அம்மா நடக்காம கெடக்கணுமா?” என்று கேட்டேன். கடைக்குப் போகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஜெராக்ஸ் எடுக்கிறவருக்கு இன்னொருத்தர் எழுதிக்கொடுத்தால்தான் வேலையே ஓடும் போல! ஆத்திரத்தில் எனக்கு என்னென்னவோ தோன்றியது.

இதற்கிடையில் வாரத்துக்கு மூன்று நாள் போக வேண்டிய பயிற்சி ஒரு நாள் ஆயிற்று, அப்புறம் அதுவும் நின்றது. அத்தையின் கால் மெலிந்துகொண்டே வந்தது. பிடித்து நிறுத்தினால் நடுங்கினார். டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒருநாள் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏட்டி, இந்த வண்டி என் பதினாறாம் நாள் காரியத்துக்காவது வந்து சேருமா?” என்றார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் முகத்தில் கேலி இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் பேட்டையிலேயே, பழைய வண்டி வாங்கி விற்கிற ஒருவர் போன் பண்ணினார். ஒரு வேன் வந்திருக்கிறது, உங்கள் தோதுக்குச் சரியாக இருக்கும் என்றார். “வீட்டுக்கே கொண்டாரேன். ஆச்சி ஏறி உக்காந்து பாக்கட்டும்” என்றார். அண்ணாச்சிக்குத் தகவல் போனது. அவர் வந்து, இடியாப்பம் சாப்பிட்டு, இடியாப்பம் இன்றைக்குக் குழைவு என்று சொல்லி முடித்தபோது வாசலில் வண்டி வந்து நின்றது.

வெள்ளை வேன். எங்கள் ஊரில் எந்த வேன்தான் வெள்ளையாக இல்லை? தரையில் புது ரப்பர் மிதியடி, பளபளவென்று பாலிஷ். அண்ணாச்சி பையோடு இறங்கிச் சுற்ற ஆரம்பித்தார். நான் வழக்கம்போல் பொம்பளை வேலையைப் பார்க்க உள்ளே தலையை விட்டேன். கடைசி சீட்டில் நீலத் துணி, மஞ்சள் பூ, அதே கைத்தையல்!

ஏரல் வண்டிதான். இத்தனை வண்டி பார்த்ததில் நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? வியாபாரி கடைசியில் பேட்டைக்காரரிடம் தள்ளிவிட்டிருக்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. சீட்டைப் பார்க்காத ஆம்பளைகளுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

அத்தையை நானும் என் வீட்டுக்காரருமாகத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். தாழ்ந்த படி, அகலமான கதவு. நடு சீட்டில் உட்கார்ந்து, கதவுப் பக்கம் இருந்த இடத்தில் ஒரு தலையணை வைத்துக் காலை நீட்டிக்கொண்டார். “அம்மாடி” என்று ஒரு மூச்சு விட்டார். அண்ணாச்சி முன்னால் ஏறிக்கொள்ள, பேட்டைக்காரர் ஓட்டினார். என் வீட்டுக்காரர் அத்தைக்குப் பக்கத்தில், நான் கடைசியில் நைட்டித் துணி மேல். டவுன் ஆர்ச் வரை போய்த் திரும்பினோம். அதே ரோடு, அதே பள்ளங்கள். நான் அத்தையின் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவர் மடியிலேயே கிடந்தது.

அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. குனிந்து தரையை முகர்ந்தார். “வாடை இருக்கா? இல்ல. அன்னைக்கு ஏரல்ல பாத்தமே, அது வண்டியா வே? ஏறுனதுமே ஆத்துக்குள்ள எறங்குன மாதிரி இருந்துது. வித்தியாசம் தெரியுதா?”

“தெரியுது அத்தான்” என்றார் என் வீட்டுக்காரர், அவர் முகத்தைப் பார்த்தபடி.

“இது எந்த ஊரு வண்டி?” என்று பேட்டைக்காரரைக் கேட்டார்.

“கெழக்க உள்ளதுதான் சார், ஏர…”

“அண்ணாச்சி, ஹாரன் அடிச்சுப் பாத்தியளா?” என்று நான் பின்னாலிருந்து கத்தினேன். அவர் சட்டென்று கையை நீட்டி ஹாரனை அழுத்தினார். அடுத்து வைப்பர், அடுத்து உள் விளக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்து, வீடு வரும் வரைக்கும் அவரை வேலையாகவே வைத்திருந்தேன். சிரிப்பும் பயமுமாக எனக்கு வேர்த்துக் கொட்டியது.

வண்டி வாசலில் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டி, “என்ன அத்தான்?” என்றார். அண்ணாச்சி டேஷ்போர்டை விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். கேட்டார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரு குறையும் தெரியல.”

சொல்லிவிட்டார்!

‘ப்ச்.’

“இவ்வளவு சரியா இருக்க வண்டியை ஒருத்தன் எதுக்கு விக்கான்? இது சரிப்படாது வே.”

என் வீட்டுக்காரர் மெதுவாக முன் சீட்டில் இருந்து கையை எடுத்தார். பேட்டைக்காரர் வாயைப் பிளந்தார். நான், வருவது வரட்டும் என்று எல்லாவற்றையும் போட்டு உடைக்க வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“மாப்ளே.”

யார் பேசியது என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அண்ணாச்சிக்கும் விளங்கவில்லை, என்னைத்தான் திரும்பிப் பார்த்தார். அத்தை காலை நீட்டியபடி, முதுகைச் சாய்த்துக்கொண்டு, முகத்தை எந்தப் பக்கமும் திருப்பாமல், அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையின் முகத்தை அவர் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்திருப்பார்.

“எனக்குச் சரிப்படும். இந்தக் காலை நீட்டி உக்காந்து எத்தன மாசமாச்சி. உங்களுக்குச் சரிப்படலைன்னா நீங்க எறங்கிக்கிடுங்க.”

அண்ணாச்சியின் வாய் ‘ப்ச்’ சொல்லப் போகிற மாதிரியே இருந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மஞ்சள் பையை எடுத்தார். இறங்கினார். வேட்டியை அவிழ்த்து நிதானமாக மறுபடி கட்டினார். கோபித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முன் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, கதவுப் பக்கம் வந்து, என்னிடம் சொன்னார். “தங்கச்சி, முன் டயரு ரெண்டையும் மாத்தணும்னு அத்தைகிட்டச் சொல்லு.”

அத்தைக்கும் அவருக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. இருந்தாலும் நான், “அத்தை, டயரு மாத்தணுமாம்” என்றேன்.

அத்தை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். “மாத்திக்கிடலாம்னு சொல்லு.”

கடைக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப் மேஸ்திரி சீட்டைக் கழற்றி, தரையைப் பிரித்து, சந்து பொந்தெல்லாம் பார்த்துவிட்டு, ஒரு பொட்டு வண்டல்கூட இல்லை, எடுங்கள் என்றார். எடுத்தோம். பணம் கொடுக்கும்போது ஆர்.சி.யைப் பார்த்த என் வீட்டுக்காரர், ஏரல் என்ற எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “கடைசி சீட்டை இப்பவாவது பாருங்க” என்றேன். பார்த்தார். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். புருஷனை இறங்கச் சொன்ன கோபத்தில் மதினி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அத்தை ஆவணியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை நடந்து வந்து, சாம்பாரில் உப்பு இல்லை என்றார். அந்தக் குற்றத்தைக் கேட்க அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது.

அண்ணாச்சி அந்த வண்டியில் எத்தனையோ கல்யாணத்துக்கு வந்தார், முன் சீட்டில்தான். ஏசி பத்தவில்லை என்பார், கண்ணாடி ஆடுகிறது என்பார். சரிப்படாது என்ற வார்த்தையை மட்டும் அந்த வண்டிக்குள் சொல்ல மாட்டார். சொன்னால் இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயமோ என்னவோ.

போன புரட்டாசியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாங்கள்தான் போய் ஏற்றிக்கொண்டு ஹைகிரவுண்டுக்குப் போனோம். நடு சீட்டில், அத்தை உட்காருகிற அதே இடத்தில், தலையணை வைத்துக் காலை நீட்டிச் சாய்த்து உட்கார வைத்தோம். மதினி பக்கத்தில் விசிறிக்கொண்டு வந்தார். நான் என் பழைய இடத்தில், கடைசி சீட்டில். இந்த மனிதர் ஒரு குற்றமும் சொல்லாமல் வருகிறாரே என்று எனக்குப் பயமாக இருந்தது. முன்னால் எட்டி, “அண்ணாச்சி, உக்கார சவுரியமா இருக்கா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்தார். விரல் முட்டியால் கதவை இரண்டு தட்டு தட்டினார். காதைக் கொடுத்துக் கேட்டார்.

“ஏரல்ல பாத்தமே ஒரு வண்டி,” என்றார். “அதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“ஆமா அண்ணாச்சி,” என்றேன். “நல்ல வேளை, நீங்க அன்னைக்கே சொன்னிய.”